நான் போடாத கையெழுத்து

முனிராஜின் வலது கையில் நான்கு விரல்கள் போனதற்குக் காரணம் நான்தான். பிரஸ் இயந்திரம் அல்ல... நான்!

ஓசூரில் எங்கள் தொழிற்சாலைச் சங்கத்தின் தலைவன் நான். தொழிலாளர்களே நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவன். கமிட்டி எதைத் தீர்மானித்தாலும் தலைவர் கையெழுத்திட்டால்தான் செல்லும் என்பது சங்க விதி. ஒரே அணி இருந்த காலத்தில் எழுதியது. அதனால் யாரையும் அது உறுத்தவில்லை.

கடந்த தேர்தலில் தலைவர் பதவி எனக்கு, கமிட்டி எதிரணிக்கு. முனிராஜ் அவர்களுடைய செயலாளர். இரும்புத் தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் பிரஸ்ஸில், கை உள்ளே போனால் அதை நிறுத்த வேண்டிய சென்சார் பழுதாகிக் கிடந்தது. சரிசெய்யும்வரை யாரும் அதை ஓட்டக்கூடாது என்று கமிட்டி தீர்மானம் போட்டது.

"ஒரு கையெழுத்துதாண்ணா. அந்த மிஷின் யாரையாச்சும் முழுங்கிடும்" என்றான் முனிராஜ்.

"உங்க ஆளுங்க எழுதுனதுக்கு நான் கையெழுத்துப் போடணுமா? போடா!"

தீர்மானம் தவறென்றா மறுத்தேன்? இல்லை... அவர்கள் கொண்டுவந்தது, அவ்வளவுதான். வெட்கக்கேடு!

அவன் பொதுக்குழுவைக் கூட்டினான். தலைவர் மறுத்தாலும், கமிட்டியில் மூன்றில் இரண்டு பங்கினர் மீண்டும் ஆதரித்தால் தீர்மானம் செல்லும் என்று விதியைத் திருத்த வேண்டுமாம். ஜூஜுவாடி கல்யாண மண்டபத்தில் கைகள் உயரத் தொடங்கின. தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் ஆதரவுக் குரல்கள். தோற்றுவிட்டேன் என்று தெரிந்தது.

மேடையிலிருந்த தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டேன். என் ஆட்களுக்கு நான் சொல்லிவைத்திருந்த சைகை அது. இரும்பு நாற்காலிகள் பறந்தன. ஒருவனுக்கு மண்டை பிளந்தது. இன்னொருவன் உடைந்த பற்களை ரத்தத்தோடு துப்பினான். வாக்கெடுப்பு நின்றது. "வெளியாளுங்க பூந்துட்டானுங்க!" என்று மைக்கில் கத்தியவனும் நானே!

ஒன்பதாம் நாள் அதே பிரஸ்ஸில் முனிராஜுக்கு நிர்வாகம் வேலை போட்டது. சங்கத் தீர்மானம் இல்லாமல் தனியாளாக மறுத்தால் சஸ்பெண்ட். ஓட்டினான். அலறல் கேட்டு ஓடினேன்... விரல்களைத் தகட்டிலிருந்து பிய்த்தெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த பொதுக்குழுவில் அதே திருத்தத்தை நானே முன்மொழிந்தேன். நிறைவேறியது. தன் அதிகாரத்தைத் தானே விட்டுக்கொடுத்த தலைவர் என்று எனக்கு மாலை போட்டார்கள். சைகையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

திறந்திருந்தால்? அங்கேயே அடித்துக் கொன்றிருப்பார்கள்... நியாயம்தான். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

"நீங்க பெரிய மனுசண்ணா" என்றான் முனிராஜ், முதல் வரிசையிலிருந்து. மண்டபமே கைதட்டியது. அவனும் தட்டினான்... இடது கையால், தொடையில். நான் கும்பிட்டேன்.