அளவு நோட்டின் பின்பக்கம்

தையற்கடை வைத்திருந்த தங்கையிடம் அளவு நோட்டு ஒன்று உண்டு. முன்பக்கத்திலிருந்து திறந்தால் வாடிக்கையாளர்களின் தோள், இடுப்பு, கை நீளம். தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து திறந்தால், அவள் படித்து முடித்த புத்தகங்களைப் பற்றிய அபிப்பிராயங்கள். ஒரு துப்பறியும் நாவலுக்கு, "கொலைகாரன் பன்னிரண்டாம் பக்கத்திலேயே பிடிபட்டுவிட்டான், மீதி இருநூறு பக்கம் துணி வீண்" என்று எழுதியிருந்தாள். ஒரு கவிதைத் தொகுப்புக்கு, "சட்டை சின்னது, பொத்தான் அதிகம்." ஒரு பயண நூலுக்கு மட்டும், "ஒரு தையலைக்கூடப் பிரிக்க வேண்டாம்." எழுதியதை அவள் யாருக்காகவும் மாற்றியதில்லை, கேட்டவரிடம் நோட்டை அப்படியே நீட்டிவிடுவாள்.

சங்கடம், அத்தான் நாவல் எழுதியபோது வந்தது. அக்காளின் கணவரான அவர், நில அளவைத் துறையிலிருந்து ஓய்வு பெற்றபின் மூன்று வருடம் உட்கார்ந்து எழுதிய நாவல். கதையை வாய்மொழியாகவே சொந்தபந்தம் அனைவருக்கும் பலமுறை சொல்லியிருந்தார். அச்சாகி வந்ததும் ஆளுக்கொரு பிரதியும் கொடுத்திருந்தார். தனியாக வாழ்ந்த தங்கைக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் அக்காள் வீடுதான். வேறு போக்கிடம் கிடையாது.

"அவர் மூஞ்சி தொங்கிப் போச்சுன்னா, அப்புறம் இந்த வீட்டுல நீயும் நானும் உட்கார்ந்து சிரிச்சுப் பேச முடியாதுடி," என்று அக்காள் தொலைபேசியில் கெஞ்சினாள். "எல்லாரும் ஆகா ஓகோங்கறாங்க. நீயும் ரெண்டு வார்த்தை நல்லதா சொல்லிடேன்."

"நல்லா இருந்தா சொல்ல மாட்டேனாக்கா?"

"இல்லாட்டியும் சொல்லு!"

ஞாயிறன்று கூடத்தில் புத்தகங்கள் மேசைமேல் அடுக்கப்பட்டிருந்தன. அக்காள் தங்கை இருவருக்கும் மூத்தவரான அண்ணன் முன்னதாகவே வந்து புகழ்ந்துகொண்டிருந்தார். "மாப்பிள்ளே, அந்தக் கல்யாணக் காட்சி இருக்கே! கண்ணுல தண்ணி வந்துடுச்சு."

அத்தான் மனம் குளிர்ந்துபோய்த் தங்கையின் பக்கம் கை நீட்டினார். "எங்கே உன் நோட்டு?"

அக்காள் கண்ணால் எச்சரித்தாள். ஆனாலும் தங்கை நோட்டைக் கொடுத்துவிட்டாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்:

"முதல் இருபது பக்கத்தை வெட்டலாம். நிலம் அளக்கும் இடங்கள் அருமை. சங்கிலி தரையில் உரசும் சத்தம் கேட்கிறது. அறுபத்து நான்காம் பக்கத்தில் தனிக்கட்டையாகச் சந்தைக்குப் போனவன், எதிர்ப்பக்கத்தில் இரண்டு பிள்ளைகளோடு திரும்புகிறான். கல்யாணம் எங்கே? இது புதுப் பாணி என்றால் எனக்குப் பிடிபடவில்லை."

அத்தான் ஒரு பிரதியை எடுத்துப் புரட்டினார். அறுபத்து நான்குக்கு எதிரே எண்பத்தொன்று. இன்னொரு பிரதி, மூன்றாவது. எல்லாம் அப்படியே.

"பதினாறு பக்கம்! ஒரு ஃபாரத்தையே விட்டுட்டு பைண்டிங் பண்ணியிருக்கானுங்க!" பிறகு மெதுவாக அண்ணன் பக்கம் திரும்பினார். "ஆமா மச்சான், நீங்க எந்தக் கல்யாணத்துக்கு அழுதீங்க?"

"அது வந்து... பொதுவா கல்யாணம்னாலே எனக்கு..."

முதலில் சிரித்தவள் அக்காள்தான். அவள் சிரித்த சிரிப்பில் அத்தானும் கண்ணாடி நழுவச் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் அவர் குரல் சற்றே தணிந்தது. "முப்பது பேர் பாராட்டினாங்க. ஒருத்தர்கூட அந்தக் கல்யாணத்தைத் தேடலையே. நீ கடைசி வரைக்கும் படிச்சியாம்மா?"

"ரெண்டு தரம் அத்தான். நான்தான் எங்கேயோ கவனிக்காம விட்டுட்டேனோன்னு இன்னொரு தரம்."

அவர் உள்ளே விரைந்து கையெழுத்துப் பிரதியைக் கொண்டுவந்து, கல்யாணப் பகுதியைப் பிரித்து அவள் மடியில் வைத்தார். அவள் படித்து முடிக்கும்வரை, கூடத்தின் நீளத்தைக் காலடியால் நாலைந்து முறை அளந்தார். அவள் பென்சிலை எடுத்ததும் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார்.

"கல்யாணம் கச்சிதம். விருந்தை மட்டும் கொஞ்சம் பிடித்துத் தைக்கலாம். முதல் இருபது பக்கத்தைப் பற்றிய அபிப்பிராயத்தில் மாற்றமில்லை."

"இருபதுமா?"

"இருபதும்தான் அத்தான்."

அக்காள் தலையில் கை வைத்தாள்.

"சரி, மறுபடி அச்சடிக்கத்தானே போறானுங்க," என்றார் அத்தான். "அடுத்த ஞாயிறு கத்தரிக்கோலோட வந்து சேரு. சீக்கிரமே வா."

அண்ணன் மட்டும் சத்தமில்லாமல் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய், முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கியிருந்தார்.