வெள்ளையாகவே வந்த பனியன்

என் வீட்டுக்காரர் சிலம்பம் கற்றுக்கொடுத்தார். நான் பனியன் துவைத்தேன். எங்கள் பிழைப்பை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் தன்னிடம் கற்கிற ஒவ்வொருவரோடும் தனித்தனியாக நின்று கம்பு சுற்றுவார். தன் கம்பின் நுனியில் துணியைப் பந்தாகச் சுற்றிக் கட்டி, அதைக் கரிச்சாந்தில் தொட்டுக்கொள்வார். எதிரே நிற்பவன் வெள்ளைப் பனியன் போட்டிருக்க வேண்டும். எங்கே அடி வாங்கினான் என்று பிறகு யாரும் வாதாட முடியாது. பனியனில் கறுப்பாக நிற்கும். அந்தச் சாந்தை அரைத்துக் கொடுப்பது நான்தான். என் அடுப்புக் கரி, என் வடிகஞ்சி. ரேஷன் அரிசிக் காலம் அது. உப்புப் போட்டுக் குடித்தால் ஒரு வேளைப் பசி அடங்குகிற கஞ்சியைக் கரியில் கொட்டுகிறோமே என்று எனக்கு வாரம் தவறாமல் வயிறு எரியும். வெறும் தண்ணீரில் குழைத்தால் உதிர்ந்துவிடும், எண்ணெயில் குழைத்தால் துவைத்தாலும் போகாது, கஞ்சிதான் சரி என்பார் அவர்.

இவ்வளவு கறையோடு வீட்டுக்குப் போனால் எந்தப் பெண்டாட்டி சும்மா இருப்பாள்? இரண்டு மூன்று பேர் வாசலுக்கே வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு பனியன்களை எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். யாருடையது எது என்று தெரிய, கழுத்துப் பட்டையில் ஆளுக்கொரு நிறத்தில் நூல் தைத்து வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் சவுக்காரக் கட்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.

துவைக்கிறவளுக்குச் சில விஷயங்கள் தெரிந்துபோகும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவனுக்கு எப்போதும் வலது தோளில்தான் கறை. அவசரக்காரன், வீசிய கையை மடக்க மறந்துவிடுவான். ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவனுக்கு முதுகில். திரும்பும்போது குனிந்து தன் காலையே பார்ப்பவன். நான் ஒரு நாளும் கம்பைத் தொட்டதில்லை. ஆனாலும் எவன் எந்த வாரம் தேறினான், எவன் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்து கோட்டை விட்டான் என்பதைத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவேன். "நீயே வாத்தியாரா வந்துடேம்மே" என்று அவர் சிரிப்பார்.

உலகச் சண்டை முடிந்த சமயத்தில் அவர் துறைமுகத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். விடியற்காலையில் ராயபுரம் கடற்கரையில் நாலைந்து பேருக்குக் கம்பு சொல்லிக்கொடுப்பார். ஒரு நாள் வந்து, இனி மூட்டை தூக்கப் போவதில்லை, கம்புதான் பிழைப்பு என்றார். மூட்டை தூக்கிய தோளோடு போய் நின்றால் கை கனத்துப்போகிறதாம், நம்பி வருகிறவனுக்கு அரைகுறையாகச் சொல்லிக்கொடுப்பது பாவமாம். அன்றைக்கு நான் அடுப்பையே பற்ற வைக்கவில்லை. அவ்வளவு கோபம்.

என் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அவரிடம் வருகிறவன் முதல் மூன்று மாதம் கம்பைத் தொடக் கூடாது. கால் பாடம் மட்டும்தான். முன்னே வைக்க, பின்னே வாங்க, பக்கவாட்டில் நகர, திரும்ப. மீசையை முறுக்கிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் மூன்றாவது வாரம் காணாமல் போவார்கள். அடுத்த தெருவில் இன்னொரு வாத்தியார் இருந்தார். வந்த அன்றைக்கே கையில் கம்பைக் கொடுத்து, அடுத்த மாதம் மேளத்தோடு திருவிழாவில் சுற்றவும் விட்டுவிடுவார். அவர் வீட்டில் நித்தமும் மீன் குழம்பு வாசனை.

"நீயும் கம்பக் குடுத்துட்டு அப்பால கால சொல்லிக்குடேன்யா. இன்னா கொறஞ்சிபூடும்?" என்று நான் நச்சரிப்பேன்.

"கால் நிக்காதவன் கையில கம்பு குட்த்தா, அவன் மண்டைய அவனே ஒடச்சிக்குவாம்மே."

மணலில் சொல்லிக்கொடுப்பதும் அவருக்குப் பிடிக்கவில்லை. தப்பாக வைத்த காலையும் மணல் தாங்கிக்கொள்கிறது, கெட்டித் தரை வேண்டும் என்று புலம்பிக்கொண்டே இருந்தார்.

அந்தக் கெட்டித் தரையைக் கொடுத்தவர் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, திருவொற்றியூரில் பருப்பு மண்டி வைத்திருந்தவர். மண்டிக்குப் பின்னால் இருந்த களத்தை எங்களுக்கு விட்டார். களத்தின் ஓரத்தில் இருந்த ஒற்றை அறையில் வாடகை இல்லாமல் குடியிருக்கச் சொன்னார். தன் மண்டியில் மூட்டை ஏற்றுகிற ஆறு பேரையும் கற்க அனுப்பினார். ராயபுரத்தில் ஒழுகுகிற கூரைக்குக் கீழே பாத்திரங்களை இடம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தவள் நான். அந்த அறையில் மழை பெய்த முதல் நாள், ஒரு சொட்டுக்கூட உள்ளே விழாததைப் பார்த்து அழுதுவிட்டேன்.

ஒரு வருஷம் கழித்து அண்ணாச்சி தானே கற்க வந்தார். நாற்பத்தைந்து வயது, நல்ல தொந்தி. "எனக்கும் கம்பு வருமா ஆசானே?" என்று வெட்கப்பட்டுக்கொண்டு கேட்டார். அவர் ஊரில் வாத்தியாரை ஆசான் என்றுதான் சொல்வார்களாம். எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும். ஆனால் முதலாளியைத் தன் ஆட்கள் முன்னால் மூன்று மாதம் வெறுங்காலைத் தூக்கித் தூக்கி வைக்கச் சொல்ல முடியுமா? மூன்று வாரத்தில் கம்பு கைக்கு வந்துவிட்டது. அதுதான் முதல் சறுக்கல். முதல் சனிக்கிழமை அவர் பனியனில் எண்ண முடியாத அளவுக்குக் கறை. அண்ணாச்சி முகம் கறுத்துப்போய் வீட்டுக்குப் போனார். இரண்டு நாள் களத்துப் பக்கமே வரவில்லை.

வீட்டுக்காரரைப் பிடித்து உட்கார வைத்தேன். "அவரு மனசு கோணாம பாத்துக்கோய்யா. வூடும் அவுருது, தரையும் அவுருது. வுட்டா நாம எங்க போறது?" என்றேன். அடுத்த வாரம் அண்ணாச்சியின் பனியன் வெள்ளையாகவே வந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் எனக்குச் சந்தோஷம்தான். ஒன்று தேய்க்க வேண்டாமே என்று அலசி மட்டும் போட்டேன். இரண்டாவது வாரமும் அப்படியே. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அந்தப் பனியனைக் கையில் எடுத்தபோதுதான் உறைத்தது. அந்தக் களத்திலேயே கெட்டிக்காரன் கிரேன்காரன். எட்டு வருஷமாகக் கற்கிறவன். அவனுக்கே குறைந்தது நாலு கறை இருக்கும். ஒரு கறைகூட இல்லாமல் ஒருத்தர் வெளியே வருகிறார் என்றால், ஒன்று அவர் வாத்தியாரையே மிஞ்சியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாத்தியார் அடிக்கவே இல்லை.

வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கம்புக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். பனியனை அவர் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தேன்.

"இன்னாய்யா இது? கரி எங்க?"

அவர் நிமிரவில்லை. "நீதானம்மே சொன்ன."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் திருப்பிச் சொல்லியிருப்பேன். அவர் குரலில் கோபமே இல்லை. கை மட்டும் கம்பின் ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது. மூன்று வாரமாகச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு அவர் எழுந்துபோனது எதனால் என்று அப்போதுதான் புரிந்தது. ஏய்க்கத் தெரியாத மனிதரை நான் ஏய்க்கச் சொல்லியிருக்கிறேன். எனக்காக அவரும் ஏய்த்திருக்கிறார். பனியனை வாளியில் அலசிக் கொடியில் போட்டுவிட்டு, மற்றவற்றைத் துவைத்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அண்ணாச்சி ஊரிலிருந்து வந்த கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலத்தோடு எங்கள் அறை வாசலுக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"தங்கச்சி, நாளையில இருந்து சடையங்குப்பத்துக்கு நான் ஒத்தையிலதான் போப்போறேன். அந்த ரெண்டு பயலுவளும் மண்டி வேலையப் பாக்கட்டும். மூணு வாரமா ஆசான் கம்பு எம்மேல பட்டிருக்கா, சொல்லுங்க பாப்போம்!"

திங்கட்கிழமைதோறும் அவர் சடையங்குப்பம் பக்கத்துச் சின்னக் கடைகளுக்கு மாட்டு வண்டியில் பருப்பு கொண்டுபோய்ப் போடுவார். திரும்பும்போது இடுப்பில் பணம் இருக்கும். இரண்டு பக்கமும் தண்ணீர் தேங்கி நிற்கிற பள்ளப் பாதை, ஆள் நடமாட்டம் கிடையாது. போன மாதம்தான் அங்கே ஒரு வியாபாரியை மடக்கி அடித்துப் போட்டிருந்தார்கள். அதனால்தான் துணைக்கு இரண்டு ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

கம்பு தெரியாதவன் ஆபத்து என்றால் ஓடிவிடுவான். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பவன் ஓட மாட்டான், நிற்பான். இந்த நல்ல மனிதர் நாளைக்கு அங்கே நிற்கப் போகிறார். வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னால் கூரை போய்விடும் என்று எனக்காகப் பயப்படுகிறார் என்பது தெரிந்தது. வாயைத் திறக்க வேண்டியவள் நான்தான்.

உள்ளே போய் மீந்திருந்த கரிச்சாந்துக் கிண்ணத்தையும், கொடியில் காய்ந்துகொண்டிருந்த அண்ணாச்சியின் பனியனையும் எடுத்துவந்தேன்.

"அண்ணாச்சி, நாளைக்குப் போறதுக்கு முன்னால இத மாட்டிக்கினு ஒரு வாட்டி இவரு கூட நில்லுங்கோ." பிறகு வீட்டுக்காரரிடம் திரும்பினேன். "யோவ், ஒயுங்கா அடி. அன்னைக்கு நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கினேன்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். எழுந்து களத்துக்குப் போய், குனிந்து தரையைத் தொட்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். வழக்கமாகச் செய்வதுதான். மூன்று வாரமாக அதையும் அவர் செய்யவில்லை என்று கிரேன்காரன் பிறகு என்னிடம் சொன்னான்.

இரண்டாவது வீச்சிலேயே அண்ணாச்சியின் கம்பு பறந்துபோய்ச் சுவரில் மோதியது. வீட்டுக்காரர் அதை எடுத்துவந்து மரியாதையாக அவர் கையில் கொடுத்தார். மறுபடியும் சுற்றினார்கள். தோள், விலா, முதுகு, நெஞ்சு. வலிக்கிற மாதிரி ஒன்றும் அடிக்கவில்லை, ஆனால் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. கடைசியாகக் கம்பின் நுனி அண்ணாச்சியின் நடு நெற்றியைத் தொட்டு நின்றது.

அண்ணாச்சி குனிந்து தன் பனியனைப் பார்த்தார். நெஞ்சில் இருந்த கறையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அப்போ, மூணு வாரமா?"

"தப்பு என்னுது அண்ணாச்சி. வூடு பூடுமோன்னு பயந்துட்டேன்" என்றார் வீட்டுக்காரர்.

"இல்ல அண்ணாச்சி, நாந்தான் சொல்லிக்குடுத்தேன்" என்றேன்.

அண்ணாச்சி கழற்றி வைத்த சட்டையைக்கூட எடுக்காமல், கறைப் பனியனோடு மண்டி வழியாகப் போய்விட்டார். அன்றைக்கு வீட்டுக்காரர் தட்டை வழித்துச் சாப்பிட்டார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. பாத்திரங்களைப் பழைய புடவையில் கட்டி வைத்தேன்.

மறுநாள் மத்தியானம் வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டு, மண்டியின் பக்கச் சந்தில் போய் நின்று எட்டிப் பார்த்தேன். முன்னால் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். மூட்டைகளுக்குப் பின்னால் அந்த இரண்டு ஆட்களும், கையில் கம்போடு. அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வீடு போனால் போகட்டும் என்று அப்போது உண்மையாகவே தோன்றியது.

புதன்கிழமை அண்ணாச்சியின் மனைவி வந்தார். அதுவரை அவர் எங்கள் அறைப் பக்கம் வந்ததில்லை. காலி செய்யச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, கட்டி வைத்த மூட்டையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கரி படிந்து, நகமெல்லாம் கறுத்துப்போன கை.

"ஒத்தையில போறேன்னு போன வாரம் சொன்னதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல. நான் அழுது பாத்தேன், அவுக கேக்கல. ஞாயித்துக்கெழம வந்து, கண்ணாடி முன்னால நின்னு ஒவ்வொரு கறையா எண்ணுதாக. பதினாலு. இதெல்லாம் நெசமான அடியா இருந்திருந்தா என்னாயிருக்கும்னு சொல்லிட்டு அப்படியே உக்காந்துட்டாக. நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்."

பிறகு மடித்து வைத்திருந்த பனியனைக் கொடுத்தார். "இதத் துவைக்கக் குடுத்துவிட்டாக. சனிக்கெழமைக்கு வேணுமாம்."

எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து வாயைத் திறந்தார்.

"சனிக்கெயமைக்கு பனியன் இன்னாத்துக்கும்மா? அண்ணாச்சிக்கு மூணு மாசம் கால் பாடம் பாக்கி கீது. அத முடிச்சிட்டு வரச் சொல்லுங்கோ."

எனக்கு உயிரே போய்விட்டது. போன வீடு இப்போதுதான் திரும்பி வந்தது, அதற்குள் இந்த மனிதர்! அண்ணாச்சியின் மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "சரி, அப்படியே சொல்லுதேன்" என்றார்.

சனிக்கிழமை அண்ணாச்சி கம்பு இல்லாமல் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, தன் மண்டியில் மூட்டை தூக்குகிறவர்களுக்குப் பின்னால் கடைசி ஆளாக நின்று, காலைத் தூக்கி வைத்தார். யாரும் சிரிக்கவில்லை. மூன்று மாதமும் அவர் ஒரு நாள்கூடத் தவறவில்லை, அவர் பனியன் என் பெட்டியில் மடித்தபடி இருந்தது. அது வெளியே வந்த அன்றைக்கு நானே போய்க் களத்தின் ஓரத்தில் நின்றேன். முடிந்ததும் அவர் நேராக என்னிடம்தான் வந்தார், மூச்சு வாங்கிக்கொண்டு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு.

"எண்ணுங்க தங்கச்சி."

முன்னால் ஆறு, முதுகில் மூன்று. எண்ணிச் சொன்னேன்.

"அஞ்சு கொறஞ்சிருக்கு" என்றார் அண்ணாச்சி. அடுத்த திங்கட்கிழமையும் அந்த இரண்டு ஆட்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டுதான் போனார். நான் கஞ்சி வடிக்கும்போது வயிறு எரிவதை விட்டுவிட்டேன்.