எந்த ஊர், யார் கூப்பிட்டாங்க

சுனாமி வந்த அடுத்த சீசனில்தான் நாங்கள் மரக்காணம் உப்பளத்துக்கு வந்தோம். நான், தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள். கடல்தண்ணி புகுந்து பாத்தியெல்லாம் சேறாகிக் கிடந்தது. அதை மிதித்துத் தரையைக் கெட்டியாக்க ஆள் போதவில்லை. மேஸ்திரி வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்தார். அதில் நாங்களும் ஏறிக்கொண்டோம்.

அதற்கு முன் செங்கல் சூளையில் இருந்தோம். சூளைப் புகையில் சின்னவளுக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போகக் கேட்டோம். விடவில்லை. பொங்கலுக்கு ஊருக்கு அனுப்பினார்கள். நாங்கள் திரும்பிப் போகவில்லை. வாங்கின முன்பணம் இன்னும் கழியாமல் இருந்தது.

சூளை மேஸ்திரி எங்களைத் தேடுகிறார் என்று சேதி வந்துகொண்டிருந்தது. உப்பு மேஸ்திரிக்கு இது தெரியாது. வயல் வேலை செய்தவர்கள் என்று சொல்லித்தான் சேர்ந்தோம். ஒரு மேஸ்திரியின் ஆளை இன்னொரு மேஸ்திரி வைத்துக்கொள்ள மாட்டார். தெரிந்தால் ஒப்படைத்துவிடுவார். அவர்களுக்குள் அது ஒரு மரியாதை. சூளைக்குத் திரும்பினால் சின்னவள் தாங்கமாட்டாள். எங்களுக்கு இருந்த பயம் அது ஒன்றுதான்.

மாசி முடியும்போது அந்தப் பெண் வந்தாள். ஸ்கூட்டியில் வந்தாள். பொம்மையார்பாளையத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தாள். கையில் பேப்பர், தோளில் கேமரா. அந்த வருஷம் பேப்பரோடு யார் வந்தாலும் நிவாரணம் என்றுதான் நினைப்போம்.

"ஏம்மா, பாய் குடுப்பியா, பக்கெட்டு குடுப்பியா?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

"எதுவும் இல்லைங்க. நான் ஆராய்ச்சி பண்றேன். பொருளாதாரம். ஊரு விட்டு ஊரு வந்து வேலை செய்றவங்களைப் பத்தி."

"ஒண்ணும் குடுக்காம எழுதினு மட்டும் போவியா?"

"ஆமாங்க."

"இத்தினி பேர் வந்ததுல நீ ஒருத்திதான் உண்மை சொன்னே. எழுதிக்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

எனக்கு அப்போது உப்புத்தண்ணி பட்டுப் பட்டுப் பாதம் வெடித்திருந்தது. பாத்தி வேலைக்கு ஆகவில்லை. குவித்த உப்பின்மேல் கீற்று மூடும் வேலையில் இருந்தேன். மேஸ்திரி என்னைக் கூப்பிட்டார்.

"நீ அந்தப் பொண்ணுகூட இரு. எல்லார்கிட்டயும் கூட்டினு போ. இன்னா கேக்குறா, யார் இன்னா சொல்றாங்க, சாயங்காலம் எனக்கு வந்து சொல்லு."

போனேன்.

அவள் எல்லோரிடமும் இரண்டு கேள்வி கேட்டாள். எந்த ஊர்? யார் கூப்பிட்டாங்க? மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

எல்லோரும் ஒரே ஊரைச் சொன்னார்கள். அது மேஸ்திரியின் ஊர். எங்கள் ஆட்களிடம் அது வழக்கம். யார் கூட்டிவந்தாரோ அவர் ஊர்தான் அந்த சீசனுக்கு நம் ஊர். என் ஊர் ஜனம், என் பொறுப்பு என்று சொல்லித்தான் மேஸ்திரி முதலாளியிடம் வேலை பிடிக்கிறார். அதனால் நாங்கள் அவர் ஜனமாகிவிடுவோம். பொய் என்று யாருக்கும் தோன்றாது. கேட்பவர்களும் நம்பிக் கேட்பதில்லை. அவள் நம்பினாள். எழுதிக்கொண்டாள்.

தம்பியும் அதைத்தான் சொன்னான். சொல்லும்போது என்னைப் பார்த்தான். அவள் கேமராவைத் தூக்கினாள். தம்பி முகத்தைத் திருப்புவதற்குள் எடுத்துவிட்டாள். பிள்ளைகள் இரண்டும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன.

தினம் வந்தாள். வெயில் ஏறினால் கீற்றுக் கொட்டகையில் என் பக்கத்தில் உட்காருவாள். என் கஞ்சியைக் குடிப்பாள். பேப்பரில் எதையோ கிறுக்குவாள். தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. கொக்கி கொக்கியாக.

"இது இன்னாம்மா?"

"கணக்குக்கா. நான் முதல்ல வேற படிச்சேன். குவாண்டம் ஃபீல்டு தியரின்னு. கண்ணுக்கே தெரியாத அணு, அதுக்கும் உள்ள இருக்கறது, அதுங்க ஒண்ணை ஒண்ணு எப்படித் தள்ளுது, எப்படி இழுக்குதுன்னு கணக்குப் போடறது."

"அதை ஏன் வுட்டே?"

"அதுல ஆளுங்களே இல்லைக்கா."

பேப்பரைத் திருப்பிவிட்டு அவளே சொன்னாள். "இப்ப அதே கணக்கை ஆளுங்களுக்குப் போட்டுப் பாக்கறேன். எந்த ஊர் தள்ளுது, எந்த ஊர் இழுக்குது. சரியா வந்தா எங்க சார் ஒத்துக்குவாரு. இல்லன்னா இந்த ஒரு வருஷம் போச்சு."

நான் கஞ்சிச் சட்டியைக் கழுவப் போனேன்.

சாயங்காலம் மேஸ்திரி கேட்டார். "இன்னா கேட்டா?"

"ஊரைக் கேட்டா. சொன்னாங்க."

"வேற?"

"வேற இல்ல."

இப்படியே போயிருந்தால் ஒன்றும் இல்லை. ஒருநாள் அவள் முகம் சரியில்லாமல் வந்தாள். பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு எழுதாமல் இருந்தாள்.

"அக்கா, உங்க ஊர்ல ஏரி இருக்குது. ரெண்டு போகம் வெளையுது. பக்கத்துல மில்லு இருக்குது. தள்ற மாதிரி ஒண்ணுமே இல்ல. ஆனா இங்க இருக்கற அத்தினி பேரும் அங்கிருந்து வந்ததா சொல்றீங்க. எப்படிப் போட்டாலும் கணக்கு ஒத்துவர மாட்டேங்குது."

நான் கீற்றை எடுத்து அடுக்கினேன்.

"சாரும் அதையேதான் கேக்குறாரு. அதனால ரெண்டு பேரும் நேர்லயே அந்த ஊருக்குப் போலாம்னு இருக்கறோம். போட்டோவெல்லாம் பிரிண்ட் போட்டு வச்சிருக்கறேன். காட்டிக் கேட்டா யார் யார் எந்த வீடுன்னு தெரிஞ்சிடும் இல்ல?"

அந்த ஊர் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு டீக்கடை. எங்கள் சூளை மேஸ்திரி தினமும் காலையில் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். அந்தப் பக்கத்தில் ஆள் பிடிக்கிறவர்கள் எல்லாம் அங்கேதான் கூடுவார்கள். போட்டோவை முதலில் அவர் கையில்தான் கொடுப்பாள்.

"போவாதீங்க" என்றேன்.

"ஏன்க்கா?"

சொல்லியிருக்கலாம். அவள் நல்லவள்தான். ஆனால் அவளிடம் சொன்னது பேப்பரில் ஏறும். பேப்பரில் ஏறியது எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்?

"வெயிலு" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

தம்பியிடம் சொன்னேன். "அந்தப் பொண்ணு போட்டோ எடுத்துனு அந்த ஊருக்குப் போவுது."

அவன் பலகையைக் கீழே வைக்கவில்லை. உப்பை இழுத்துக்கொண்டே கேட்டான். "எப்ப?"

"தெரில."

"சரி."

அன்றிலிருந்து அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தான். சோற்றையும் ரோட்டுப் பக்கம் திரும்பி உட்கார்ந்துதான் தின்றான். தம்பி மனைவி துணிமணியை மூட்டை கட்டிக் கொட்டகை மூலையில் வைத்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. பிள்ளைகளைத் தனியாக எங்கேயும் அனுப்புவதில்லை. சின்னவள் என்னிடம் கேட்டாள்.

"அத்த, அப்பா ஏன் பேச மாட்டேங்குது?"

"உப்பு வாயில பூந்துக்கிச்சு."

"துப்பச் சொல்லு."

ஜீப் வந்தது ஒரு முற்பகல். ஈசிஆர் ரோட்டிலிருந்து இறங்கி, வண்டிப் பாதையில் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. நான் குவியலின்மேல் நின்று கீற்று போட்டுக்கொண்டிருந்தேன். முன்னால் வெள்ளைச் சட்டை போட்ட டிரைவர். பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட இன்னொருவர். பின்னால் யார் என்று தெரியவில்லை. சூளைக்காரர்களும் ஜீப்பில்தான் வருவார்கள்.

தம்பி என்னைப் பார்த்தான். நான் என்ன சொல்வது?

அவன் பலகையைப் போட்டுவிட்டுக் கொட்டகைக்கு ஓடினான். சின்னவளைத் தோளில் தூக்கிக்கொண்டான். பெரியவனைக் கையில் பிடித்தான். தம்பி மனைவி தண்ணி எடுக்கப் போயிருந்தாள். வரப்பைச் சுற்றிப் போனால் ஜீப்புக்கு எதிரே போகவேண்டும். பாத்தியில் இறங்கிவிட்டான்.

உப்பு இறங்கிக்கொண்டிருக்கும் பாத்தியில் யாரும் கால் வைப்பதில்லை. வரப்பில் நின்றுதான் இழுப்போம். கால் பட்டால் அடிச்சேறு மேலே வந்துவிடும், அந்தப் பாத்தி அவ்வளவுதான். குழந்தைகூட இறங்காது. தம்பி ஒரு பாத்தி, அடுத்த பாத்தி, அதற்கடுத்தது என்று குறுக்கே ஓடினான். உப்பு நொறுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. கழுவெளிச் சதுப்பின் ஓரத்துக் கோரைக்குள் போய் மறைந்தான். அவன் போன வழி முழுக்க வெள்ளையில் கறுப்பாகத் தெரிந்தது. ஒரு பெரிய கால். பக்கத்தில் ஒரு சின்னக் கால்.

எல்லோரும் பலகையை நிறுத்திவிட்டு அப்படியே நின்றார்கள்.

ஜீப்பின் பின்பக்கத்திலிருந்து அந்தப் பெண் இறங்கினாள். முன்னால் இருந்தவர் அவளுடைய சார். கண்ணாடி போட்டு, கைக்குட்டையால் தலையை மூடிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நாங்க கிளம்பிட்டோம். வழி காட்ட நீங்களும் வாங்களேன்னு..." என்று ஆரம்பித்தாள். பாத்தியைப் பார்த்தாள். நிறுத்திவிட்டாள். கோரை வரைக்கும் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அப்போது அவளுக்குப் புரிந்துவிட்டது.

மேஸ்திரி மோட்டார் கொட்டகையிலிருந்து வேகமாக வந்தார்.

"எவன்டா பாத்தியில எறங்கினது?"

ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

"கேக்குறேன் இல்ல? எவன்டா?"

"நான்தாங்க காரணம்" என்றாள் அவள். "உப்பு எப்படி உறையுதுன்னு பாக்கணும், நடுவுலேருந்து கொஞ்சம் எடுத்துனு வாங்கன்னு நான்தான் கேட்டேன்."

"எப்பம்மா கேட்டே?" என்றார் அவளுடைய சார். "நாம இப்பதானே வந்து எறங்கறோம்."

"சார், வெயில்ல நிக்காதீங்க. வண்டியில உக்காருங்க."

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா, அது..."

"உக்காருங்க சார்."

அவர் போய் உட்கார்ந்தார்.

மேஸ்திரி வரப்பில் குனிந்து காலடியைப் பார்த்தார். நிமிர்ந்தார். "உப்பு எடுக்கப் போறவன் புள்ளைய எதுக்கும்மா இழுத்துனு போறான்?"

என் கையில் கீற்று இருந்தது. அதைக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

மேஸ்திரி டிரைவர் பக்கம் திரும்பினார். "எங்கேப்பா கெளம்பிட்டீங்க?"

டிரைவர் ஊர்ப் பெயரைச் சொன்னான். "மேஸ்திரின்னா நீங்கதானா? ஒங்க ஊருக்குத்தாண்ணே."

மேஸ்திரி முகம் மாறியதை நான் பார்த்தேன். அந்த ஊரில் போய்க் கேட்டால், இங்கே இருப்பவர்களில் பாதிப்பேருக்குமேல் அவர் ஜனம் இல்லை என்று தெரிந்துவிடும். அது முதலாளி காதுக்கு வர அதிக நேரம் ஆகாது.

"அங்க எதுக்கும்மா? எல்லாரும் இங்கதானே இருக்காங்க? கேக்கறதை இங்கயே கேளு."

அவள் கையில் போட்டோ உறை இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு வருஷம் போச்சு என்று அவள் முன்பு சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. அவள் சார் ஜீப்பிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிங்க. போகல" என்றாள். "பாத்தி கெட்டது என்னாலதான். அதை யார்கிட்டயும் கேக்காதீங்க."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேஸ்திரி தலையை ஆட்டினார்.

"டேய், எல்லாரும் இன்னா வேடிக்க? வேலையப் பாருங்கடா."

ஜீப் திரும்பிப் போனது. மேஸ்திரி என் பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஜீப்பைப் பாத்து ஓடறவன் சூளை ஆளுதான். எந்த சூளை?"

நான் கீற்றைக் குவியலின்மேல் போட்டேன்.

"சொல்லாதே. சீசன் முடியற வரைக்கும் எனக்குத் தெரியாது. மழை எறங்கினதும் நீங்க யாரும் இங்க நிக்கக் கூடாது. தெரிஞ்சுதா?"

"சரிங்க."

"பாத்தியைக் காய வச்சி மிதிச்சி வுடுங்க. ஒங்காளு கெடுத்தது, நீங்களே செய்யணும்."

தம்பி பொழுது சாயும்போது வந்தான். பிள்ளைகள் காலில் கோரை கிழித்த கோடுகள். சின்னவளுக்கு இருமல் இல்லை. தம்பி மனைவி மூலையில் இருந்த மூட்டையை அவிழ்த்துச் சோற்றுத் தட்டை எடுத்தாள்.

தண்ணியை வடித்துவிட்டு நாங்கள் மூன்று பேரும் மிதித்தோம். தோளோடு தோள் சேர்ந்து நின்று, ஒரு அடி, பக்கத்தில் ஒரு அடி. என் பாதம் ஆறியிருந்தது. மறுபடி வெடித்தது.

அதற்குப் பிறகு அவள் ஒருதரம்தான் வந்தாள். பேப்பர் இல்லை, கேமரா இல்லை. போட்டோ உறையை என்னிடம் கொடுத்தாள்.

"எல்லாம் இதுல இருக்குது. ஃபிலிமும் இருக்குது. ஆராய்ச்சியிலேருந்து இந்த உப்பளத்தையே எடுத்துட்டேன்க்கா. இது இல்லாம எழுதறேன்."

"சார் ஒத்துக்கினாரா?"

"இல்ல. வேற இடம் பாத்து மொதல்லேர்ந்து செய்யணும்."

நான் கஞ்சி ஊற்றிக் கொடுத்தேன். குடித்தாள்.

பிள்ளைகள் படத்தைத் தம்பி மனைவி வைத்துக்கொண்டாள். மற்றதை அடுப்பில் போட்டேன். இதை எழுதும்போதும் எங்களைக் காட்டிக்கொடுக்கிற ஊர்ப் பெயர் எதையும் எழுதக் கை வரவில்லை. மரக்காணத்தை மட்டும் எழுதினேன். அங்கே நாங்கள் இப்போது இல்லை.

ஐப்பசியில் மழை இறங்கியது. பாத்திக்கும் கழுவெளிக்கும் வித்தியாசம் தெரியாமல் தண்ணி நின்றது. நாங்கள் மூட்டையோடு ஈசிஆரில் பஸ்ஸுக்கு நின்றோம். பாண்டிப் பக்கமிருந்து ஸ்கூட்டி வந்தது. அவள்தான். வேறு எங்கோ போய்க்கொண்டிருந்தாள். மழைக்கோட்டோடு நிறுத்தினாள். சின்னவள் கன்னத்தைத் தொட்டாள்.

"கிளம்பிட்டீங்களாக்கா?"

"ஆமா."

எந்த ஊர் என்று கேட்கவில்லை. யார் கூப்பிட்டாங்க என்றும் கேட்கவில்லை. பஸ் வரும்வரை எங்களோடு நின்றிருந்தாள்.