கொன்ஸ்டபிள் தாஸுக்கு யார் குரல் கொடுத்தது?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த குரல்பதிவு இயக்குநர் திருமதி லோரென்ஸ் பதிவை நிறுத்திவிட்டு ஒலிபெருக்கியில் கேட்டார்.

"ராஜன், ஏன் இவ்வளவு வடிவாய் ஜேர்மன் கதைக்கிறியள்?"

பாராட்டு என்று நினைத்து நன்றி சொன்னேன்.

"இல்லை, அதுதான் பிழை. உடைச்சுக் கதையுங்கோ. அந்த ஆள் வெளிநாட்டுக்காரர்."

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஹம்பேர்க்கில் அகதி விசாரணைகளுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். அந்த வேலை இல்லாத நாட்களில் ஒரு ஸ்டூடியோவில் கூட்டக் காட்சிகளுக்குக் குரல் கொடுப்பேன். வெளிநாட்டுப் படங்களுக்கு ஜேர்மன் குரல் ஏற்றுகிற ஸ்டூடியோ அது. படத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டித் திரையில் ஓடவிடுவார்கள். நடிகரின் வாயைப் பார்த்து, அது அசையும் நேரத்துக்குள் வசனத்தைச் சொல்லி முடிக்க வேண்டும்.

அந்த வருடம் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் பழைய பிரித்தானியப் பொலிஸ் தொடர் ஒன்றை வாங்கியிருந்தது. அதில் புதிதாக வேலைக்கு வரும் கொன்ஸ்டபிள் தாஸ்தான் எனக்குக் கிடைத்த, பெயருள்ள முதல் பாத்திரம். தாஸின் மேலதிகாரியான இன்ஸ்பெக்டருக்குக் குரல் கொடுத்தவர் கெஸ்லர் என்ற ஜேர்மன் நடிகர். கடைக்குப் போய்ப் பாண் கேட்டாலே ஆட்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குத் தெரிந்த குரல் அவருடையது.

ஆங்கில மூலத்தை நான் கேட்டிருந்தேன். தாஸ் லண்டனில் பிறந்தவர். இன்ஸ்பெக்டர் நாட்டுப்புறத்து ஆங்கிலம் பேசுவார், தாஸ் பேசுவது படித்த ஆங்கிலம். இன்ஸ்பெக்டருக்கு எரிச்சலே அதில்தான். தேநீர் கொண்டுவருகிறவன் மாதிரி ஒருவன் வருவான் என்று காத்திருந்தவருக்கு, தன் அறிக்கையைத் திருத்திக் கொடுக்கிறவன் வந்து வாய்க்கிறான். இரண்டு பேருக்கும் இடையிலான இழுபறி முழுவதும் இதிலிருந்துதான் வருகிறது. அந்த நடிகரைத் தேர்ந்தெடுத்தவர்களும் இதற்காகத்தான் தேர்ந்தெடுத்திருப்பார்கள்.

அதைச் சொன்னேன். திருமதி லோரென்ஸ் கோபப்படவில்லை.

"எனக்கு விளங்குது. பார்க்கிற சனத்துக்கு விளங்காது. அந்த முகத்திலையிருந்து இந்த ஜேர்மன் வந்தால், ஒலி மாறிப்போச்சு எண்டு நினைப்பினம்."

அவர் பகிடி விடவில்லை. கமெரா எங்கே நிற்கிறது என்று சொல்வதுபோல ஒரு தொழில்நுட்பச் சிக்கலைச் சொன்னார், அவ்வளவுதான்.

"எனக்கு ஏலாது," என்றேன்.

பக்கத்தில் நின்ற கெஸ்லர் ஹெட்போனைக் கழற்றினார். "அவர் சொல்றது சரி. அப்பிடியே பதியுங்கோ." அவர் சொன்னால் அங்கே மறுபேச்சு இல்லை. என் வழக்கமான ஜேர்மனிலேயே பதிந்து முடித்தோம். முடிந்ததும் கெஸ்லர் கை கொடுத்தார், கோப்பி வாங்கித் தந்தார்.

ஒளிபரப்பு ஒரு சனிக்கிழமை பின்னேரம். என் மனைவி சுகந்தி இரண்டு குடும்பங்களைக் கூப்பிட்டு, ரோல்ஸ் பொரித்து வைத்திருந்தாள். தாஸ் திரையில் வந்தார். வாயைத் திறந்தார்.

"நான்... ஆள்... ஓடுறது பார்த்தது, ஐயா."

இழுத்து இழுத்து, பாட்டுப் பாடுவதுபோல. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சுகந்தி என்னைப் பார்த்தாள்.

"இது நீங்களோ?"

"இல்லை."

"அப்ப ஆர்?"

அந்த நேரம் இன்ஸ்பெக்டர் பதில் சொன்னார். வசனத்துக்கு முன்னால் தொண்டையில் ஒரு சின்ன மூச்சு. தாஸ் பேசும்போதும் அதே மூச்சுத்தான். இரண்டு குரலும் ஒரே ஆளுடையது. கெஸ்லர் கேள்வி கேட்டு, கெஸ்லரே உடைத்து உடைத்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை ஸ்டூடியோ நடைபாதையில் அவரைப் பிடித்தேன்.

"உங்கடை பதிவைத் தொலைக்காட்சிக்காரர் திருப்பி அனுப்பிட்டினம், ராஜன். நான் செய்யாட்டில் வேறை ஒருத்தன் செய்திருப்பான்." என் கண்ணை நேரே பார்த்துத்தான் சொன்னார். பிறகு கேட்டார்: "உச்சரிப்பு சரியா வந்ததோ? உங்களைக் கேட்டுப்போட்டுச் செய்யத்தான் இருந்தனான்."

உண்மையாகவே கேட்டார். ஒரு கலைஞன் இன்னொரு கலைஞனிடம் கேட்பதுபோல. நான் வெளியே வந்து பஸ் ஏறினேன். அதன்பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

பல மாதம் கழித்துத் திருமதி லோரென்ஸ் தொலைபேசியில் கூப்பிட்டார். தொடரில் தாஸ் சார்ஜன்ட் ஆகிவிட்டாராம். ஒரு வழக்கறிஞரை முன்னால் இருத்தி விசாரிக்கிறார். அந்த ஆள் இரண்டு அர்த்தம் வரும்படி சொன்ன ஒரு சொல்லைப் பிடித்து, அதை வைத்தே மடக்குகிறார்.

"கெஸ்லர் செய்து பார்த்தவர். உடைச்ச ஜேர்மனிலை அந்தக் காட்சி நிக்குதில்லை. வாங்கோ."

"அப்ப முதல் பாகங்களையும் திருப்பிப் பதியுங்கோ."

"அது போட்டு முடிஞ்சுது, ராஜன். ஏலாது."

போகமாட்டேன் என்று இருந்தேன். சுகந்திதான் சொன்னாள்: "போங்கோ. அந்தத் தாஸ் திரையிலை வாயைத் திறந்துகொண்டு நிக்கிறார். ஆராவது கதைக்கத்தானே வேணும். நீங்கள் கதையுங்கோ."

போனேன். கெஸ்லரும் நானும் ஒரே மைக்கின் முன் நின்றோம். "நல்ல வேலை, சார்ஜன்ட்" என்று இன்ஸ்பெக்டராக அவர் சொன்னபோது எனக்குப் புல்லரித்தது. அவ்வளவு நல்ல நடிகர். வெளியே வந்தபின் அவரவர் வழியே போனோம். இந்த முறை என் குரலை யாரும் மாற்றவில்லை.

அந்தப் பாகம் ஒளிபரப்பான அடுத்த நாள், கீழ்வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற ஜேர்மன்கார ஆசிரியை படிக்கட்டில் என்னை மறித்தார். குரல் என்னுடையது என்று அவருக்குத் தெரியாது.

"உங்கடை ஆள் ஒருத்தர் அந்தப் பொலிஸ் தொடரிலை வாறார் எல்லே? முதல் ஒரு வசனம் ஒழுங்காச் சொல்ல வராது. இப்ப பாருங்கோ! மனம் வைச்சால் எவ்வளவு கெதியாய்ப் படிக்கலாம்!"

சந்தோசத்தில் அவருக்குக் கண் கலங்கியிருந்தது. நான் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றேன்.

குரல் கொடுக்க வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். இந்த ஆள் எப்படிப் பேசுவார் என்று கேட்க முன், இவர் யார் என்று கேளுங்கள். முதல் காட்சியிலேயே கேளுங்கள். ஒருமுறை அவரை உடைத்துப் பேசவைத்துவிட்டால், பிறகு எவ்வளவு நன்றாகப் பேசினாலும் படித்துத் தேறியவர் என்றுதான் சனம் மெச்சும். பிறந்ததிலிருந்தே அப்படிப் பேசியவர் என்று ஒருவரும் நினைக்கமாட்டார்கள்.