பழத்தைப் பற்றிப் புகார் இல்லை

பிறை என்ற ஊரில் என் கணவர் வேலை செய்யும் தொழிற்சாலையின் ஆண்டிறுதி விருந்தில், குலுக்கலில் அவருக்கு இறைச்சி சுடும் பார்பெக்யூ அடுப்பு ஒன்று விழுந்தது. பக்கத்து நாற்காலிக்காரருக்கு மின்காற்றாடி கிடைத்திருந்தது. மாற்றிக்கொள்ளலாமா என்று இவர் கேட்டாராம். அவர் யோசிக்காமலே மறுத்துவிட்டாராம்.

எங்கள் வீட்டில் இறைச்சி சமைப்பதில்லை. மாமனார் சைவம். மாமியார் இறந்த பிறகு அவர் எங்களோடு வந்துவிட்டதால், வாசலுக்கு உள்ளே நாங்களும் சைவம். அடுப்பு ஒன்பதாவது மாடி பால்கனியில் மூன்று மாதம் நின்றது. குடைகளை அதில் போட்டு வைத்தோம்.

மாமனார் யாழ்ப்பாண வழிக் குடும்பத்தவர். கெப்பாலா பத்தாஸில் அரசாங்க அலுவலகக் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் அடுக்குமாடிக்கு வந்த முதல் வாரமே இந்தக் கட்டடத்தின் விதிப் புத்தகம் எங்கே என்று கேட்டார். அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. அவரே கீழே நிர்வாக அலுவலகத்துக்குப் போய் ஒரு பிரதி வாங்கி வந்து, பென்சிலால் கோடிட்டு முழுவதும் படித்தார்.

மார்ச் மாதம் மழையே இல்லை. புக்கிட் தெங்காவில் என்னோடு வேலை பார்க்கும் மலாய்த் தோழி, தன் அண்ணன் தோட்டத்து அன்னாசி என்று ஆறு பழங்களைக் கொண்டுவந்து என் காரில் வைத்தாள். மூன்று பேர் எத்தனை அன்னாசியைத் தின்பது என்றேன். நெருப்பில் வாட்டு, பனைவெல்லத்தைக் கரைத்துத் தடவு, கொஞ்சம் உப்பு தூவு, ஆறும் போதாது என்றாள்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் குடைகளை எடுத்துவிட்டுக் கரி பற்ற வைத்தேன். முதல் இரண்டு துண்டுகள் கருகின. மூன்றாவதிலிருந்து சரியாக வந்தது. ஓரம் லேசாகக் கருத்து, வெல்லம் குமிழியிட்டு, கடித்தால் புளிப்பு போய் இனிப்பு மட்டும் சூடாக நின்றது. ஒரு வாழைப்பழத்தையும் தோலோடு போட்டேன். கணவர் நின்றுகொண்டே தின்றார். மாமனார் மேசையில் உட்கார்ந்து, முள்கரண்டியால் நான்கு துண்டு சாப்பிட்டார். கைக்கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்தார்.

புதன்கிழமை நிர்வாக அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. கீழே போனேன். அங்கிருந்த சீனப் பெண், பால்கனியில் நெருப்பு மூட்டியதாக எங்கள் மீது புகார் வந்திருக்கிறது என்றாள். யார் கொடுத்தது என்று கேட்டேன். சொல்லலாமா என்று சற்றுத் தயங்கிவிட்டுக் கடிதத்தின் நகல் ஒன்றை நீட்டினாள்.

கையால் எழுதிய எழுத்துகள் ஒரே சாய்வில் நின்றன. ஆங்கிலத்தில் எண் போட்டு எழுதியிருந்தது. ஒன்று, விதி பதினான்கு பால்கனியில் நெருப்பைத் தடை செய்கிறது. இரண்டு, சனிக்கிழமை ஐந்து பத்திலிருந்து ஐந்து ஐம்பத்தைந்து வரை புகை வந்தது. மூன்று, மேற்படி வீட்டில்தான் கீழே கையெழுத்திட்டவரும் வசிக்கிறார். நான்கு, பழத்தைப் பற்றி அவருக்குப் புகார் எதுவும் இல்லை.

அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்காமல் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கோபம் மின்தூக்கியில்தான் வந்தது. ஒன்பதாவது மாடி வருவதற்குள் என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசைப்படுத்திக்கொண்டேன். மாமனார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, இது நீங்க எழுதுனதா?"

"ஓம். நான்தான் எழுதினனான்."

"நாலு துண்டு சாப்பிட்டீங்களே மாமா."

"சாப்பிட்டதாலதான் நாலாவது பாயிண்ட். வாசிச்சனியோ?"

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"சொன்னா நீ நிப்பாட்டிப் போடுவாய்," என்றார். "நிப்பாட்டச் சொல்லி நான் எழுதேல்லை. மற்றப் பக்கத்தைப் பார்."

தாளைத் திருப்பினேன். பின்பக்கம் ஐந்தாவது ஒன்று இருந்தது. கீழே ஊஞ்சலுக்குப் பக்கத்தில் சிமெந்துத் தரை சும்மா கிடக்கிறது, குடியிருப்பவர்கள் பழம் வாட்டுவதற்கு அதை ஒதுக்கித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார். வரிசைப்படுத்தி வைத்திருந்த கேள்விகளில் ஒன்றும் அதற்குப் பொருந்தவில்லை. அரிசி களையப் போனேன்.

கணவரிடம் சொன்னபோது, "அப்பா அப்படித்தான்லா," என்று குளிக்கப் போய்விட்டார்.

அடுத்த வாரம் மாமனார் பெயருக்கு அலுவலக முத்திரையோடு பதில் வந்தது. சனிக்கிழமைகளில் நான்கிலிருந்து ஆறு வரை அனுமதி. அவர் இரண்டு தடவை படித்து, ஓரத்தில் துளையிட்டு, கோப்பில் போட்டார். அன்றைக்குச் சோறு கூடுதலாக ஒரு கரண்டி கேட்டார். இங்கே வந்த இத்தனை நாளில் அவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை அடுப்பைக் கீழே இறக்கினோம். தோழி தந்ததில் மூன்று அன்னாசி குளிர்பெட்டியில் மிச்சம், கூடவே பழுத்த மாம்பழமும் வாங்கினேன். புகையைப் பார்த்து நாலைந்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். ஐந்தாவது மாடி சீன அம்மா கொய்யா கொண்டுவந்தார். கொய்யாவுக்கு நெருப்பு ஒத்துவரவில்லை. ஆனாலும் அவர் முன்னால் எல்லோரும் தின்றோம். மாமனார் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கேட்டவர்களுக்கெல்லாம் விதி பதினான்கை விளக்கினார். சரியாக ஆறு மணிக்கு எழுந்து, நேரம் முடிந்தது என்றார். மாம்பழம் பாதிதான் வாடியிருந்தது. அப்படியே தட்டில் எடுத்துக்கொண்டோம்.

மின்தூக்கிக்குள் உணவு உண்ணக் கூடாது என்று ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. மாமனார் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தபடியே ஒன்பது மாடியும் நின்றார். கதவு திறந்ததும் வெளியே வந்தார். நான் பையில் வீட்டுச் சாவியைத் தேடி முடிப்பதற்குள் மாம்பழம் தீர்ந்திருந்தது.