ஆப்பிள் லாரியிலிருந்து வந்த மோட்டார்

என் பட்டறை அலமாரியின் மேல்தட்டில், எண்ணெய்த் துணி சுற்றிய சின்ன மோட்டார் ஒன்று இருக்கிறது. முழுத் தேங்காய் அளவுதான் இருக்கும். பழைய இரும்புக்காரன் வரும்போதெல்லாம் அதை அண்ணாந்து பார்ப்பான். "இன்னாத்துக்குண்ணே அடைச்சிக்கினு கிடக்குது, போட்டுடேன்" என்பான். "உன் வேலையப் பாத்துக்கினு போடா" என்று துரத்திவிடுவேன். அது யார் கொடுத்தது என்று அவனுக்கு எப்படித் தெரியும்.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் சாலையை மறித்த காலம். எனக்கு இருபத்தாறு வயது; கள்ளக்குறிச்சியில் தனியாகப் பட்டறை போட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை. எங்கள் தெருவிலிருந்து பத்துப் பேர் உளுந்தூர்பேட்டைக்குப் போனோம். சாலையோரப் புளியமரம் ஒன்றை அறுத்துக் குறுக்கே சாய்த்தோம். ரம்பத்தின் ஒரு பிடி என் கையில் இருந்தது. எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிலும் வேலையிலும் பங்கு வேண்டும் என்று கேட்டது நியாயம் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். மரம் அறுபடும்போதே முதலில் வந்து நின்றது வடக்கேயிருந்து ஆப்பிள் ஏற்றி வந்த லாரி. ஓட்டி வந்தவர் தலைப்பாகை கட்டிய சர்தார்ஜி. மெக்கானிக் புத்தி சும்மா இருக்குமா, எட்டி கேபினுக்குள் பார்த்தேன். டேஷ்போர்டுக்குக் கீழே பனிப் பிரதேசத்துக்காகப் பொருத்திய ஹீட்டர் பெட்டி இருந்தது. நம் ஊர் வெயிலில் இது எதற்கு என்று சிரித்துவிட்டு மறுநாள் ஊர் திரும்பிவிட்டேன்.

திரும்பினால், பட்டறை வாசலில் எங்கள் ஊர் டாக்டரம்மாவின் கார். வெளிநாட்டில் செய்த கிழட்டு வண்டி. வாரம் ஒருநாள் அதை அவரே ஓட்டிக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போய், கரியாலூர்ப் பக்கம் காசநோய்க்காரர்களுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு வருவார். அதிலும் ஹீட்டர் உண்டு. "கழட்டிப் போட்டுடட்டுங்களா?" என்று ஒருமுறை கேட்டவன் நான்.

"இப்ப அந்த ஹீட்டர் ஓடலப்பா. போன வாரம் மழையில கண்ணாடி உள்பக்கம் பூரா ஆவி மூடிக்கிச்சு. முந்தானையால தொடச்சிக்கினே ஓட்டினேன். ஒரு வளைவுல முன்சக்கரம் ரோட்ட விட்டே இறங்கிடிச்சு" என்றார் டாக்டரம்மா. நாளை மறுநாள் மலையில் எல்லோருக்கும் மாத்திரை தீர்ந்துவிடும். மாத்திரை நடுவில் நின்றால் நோய் பழையபடி ஏறிக்கொள்ளும். ஹீட்டரை எதற்கு வைத்தார்கள் என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. அந்தச் சூட்டுக் காற்று ஆளுக்கல்ல, கண்ணாடிக்கு.

ஃபியூஸ் நன்றாக இருந்தது. மோட்டாருக்குப் போகும் ஒயரில் டெஸ்ட் பல்பை வைத்தேன், பளிச்சென்று எரிந்தது. கரண்ட் வருகிறது, மோட்டார்தான் சுற்றவில்லை. கழற்றி விசிறியை விரலால் தள்ளினேன், இறுகிக் கிடந்தது. பிரித்தால் கருகல் வாடை. உள்ளே கரண்ட் கடத்தும் கார்பன் துண்டு மட்டும் தேய்ந்திருந்தால் டார்ச் செல்லை உடைத்து, உள்ளிருக்கும் கரிக்குச்சியை ராவி ஒப்பேற்றிவிடுவேன். உள்சுற்றுக் கம்பியே எரிந்திருந்தது. அதைப் புதிதாகச் சுற்றித் தரும் காயில் கடைக்குப் பூட்டு. வேறு மோட்டார் வாங்கிவரச் சென்னைக்கோ சேலத்துக்கோ பஸ் கிடையாது. ஓடவிடாமல் செய்ததே நாங்கள்தான், யாரைத் திட்டுவது?

அந்த ஆப்பிள் லாரியின் ஹீட்டர் நினைவுக்கு வந்தது. விடிந்ததும் சைக்கிளை எடுத்தேன். மறியலில் இருந்தவர்கள் தெரிந்த முகம் என்று விட்டார்கள். வழியெல்லாம் மரம். கடைசியில் நான் அறுத்த புளியமரத்தையே சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு தாண்டினேன். தாண்டும்போதே அழுகிய ஆப்பிள் வாடை வந்தது.

லாரி நிழலில் சர்தார்ஜி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். பல வருடம் தெற்கே ஓட்டியவர், உடைந்த தமிழ் பேசுவார். மலை, மழை, டாக்டரம்மா, மாத்திரை எல்லாம் சொன்னேன். மரத்தைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. பொறுமையாகக் கேட்டவர், "மலை மேல வளைவு ஜாஸ்தியா?" என்றார். ஜாஸ்தி என்றேன். எழுந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கேபினுக்குள் படுத்தார். அரைமணி நேரத்தில் மோட்டார் என் கையில் இருந்தது. சட்டைப்பையில் கைவிட்டேன், தலையசைத்து மறுத்துவிட்டார். தார்ப்பாயை விலக்கி, நல்ல பழங்களாகப் பொறுக்கி ஒரு சாக்கில் போட்டார். "நோய்க்காரங்களுக்கு" என்றார்.

சாக்கைக் கேரியரில் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் அதைச் சொன்னார். "தம்பி, அன்னிக்கு பார்த்தேன். உனக்கு ரம்பம் பிடிக்கத் தெரியல. அழுத்தாதே. இழு, அவ்வளவுதான்." இரண்டு கையாலும் காற்றில் அறுத்துக் காட்டினார். தேவதாரு மரம் வளரும் மலைப் பக்கத்துக்காரர், மரம் அறுக்க அவருக்குத் தெரியாதா. முகத்தில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் பதிலுக்குப் பேசியிருப்பேன். மன்னிச்சுக்குங்க என்று வரவேண்டிய வாயில், "இது இருபத்துநாலு வோல்ட்டுங்களா?" என்று வந்தது. "ஆமா. மெதுவா ஓடும். ஆனா ஓடும்" என்றார்.

அப்படித்தான் ஓடியது. காரில் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி, பாதி வேகம்தான் வந்தது. பழைய விசிறியின் துளையை ராவிப் பெரிதாக்கி மாட்டி, தகரப் பட்டை போட்டு இறுக்கினேன். மலைப் பக்கச் சாலையில் மறியல் இல்லை; மறுநாள் நானும் கூட உட்கார்ந்து போனேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறியதும் மழை பிடித்தது, கண்ணாடி வெளுத்தது. சுவிட்சைப் போட்டோம். கீழ் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தெளிந்து, மெல்ல மெல்ல மேலே ஏறியது. சக்கரம் இறங்கிய அந்த வளைவு வந்தபோது சாலை முழுதாகத் தெரிந்தது. டாக்டரம்மா முந்தானையைத் தொடவேயில்லை. மாத்திரையோடு ஆளுக்கொரு ஆப்பிளும் கொடுத்தோம். பாதிப் பேர் அதற்கு முன் அதைத் தின்றதில்லை.

சாலை திறந்ததும் உளுந்தூர்பேட்டைக்கு ஓடினேன். லாரி போய்விட்டிருந்தது. அவர் பேரைக்கூட நான் கேட்டிருக்கவில்லை. அந்தக் கிளர்ச்சியால் கிடைத்த இடத்தில் என் மகள் படித்து வேலைக்குப் போனாள். முதல் சம்பளத்தில் வீட்டுக்கு ஆப்பிள் வாங்கி வந்தாள். கையில் வாங்கினேன், தின்ன முடியவில்லை.

டாக்டரம்மா காலமானபின் அவர் வீட்டார் காரை எடைக்குப் போட்டார்கள். மோட்டாரை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். புரட்டாசி மழை தொடங்கும் நாளில் அதை இறக்கித் துடைத்து, கார் பேட்டரியில் ஒயரை வைப்பேன். லாரிக்கு மாட்டும் இரட்டைப் பேட்டரியும் பட்டறையில் இருக்கிறது, அதில் வைத்தால் முழு வேகத்தில் சுற்றும். வைப்பதில்லை. அன்று மலையில் சுற்றியதுபோல் மெதுவாகவே சுற்றட்டும் என்று எதிரில் உட்கார்ந்து, "மன்னிச்சுக்குங்க" என்று வாய்விட்டுச் சொல்வேன். பட்டறையில் ஆள் இருந்தாலும் சொல்வேன்.