செம்மேட்டில் எரிந்த ஒற்றை விளக்கு

பிள்ளைகளே, விளக்கு ஒன்று எரிவதைப் பார்த்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்?

வீதியில் தெரிந்தால் அங்கே ஒரு வீடு இருக்கிறது என்பீர்கள். கோவிலில் தெரிந்தால் கும்பிடுவீர்கள். கடலோர மேட்டில், ஆள் அரவமே இல்லாத இடத்தில், பொழுது சாய்கிற நேரத்தில் தெரிந்தால்...?

போன வாரம் எனக்குத் தெரிந்தது. அன்று கல்லறைத் திருநாள்.

என் வீட்டுக்காரியின் சொந்த ஊர் காலாப்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமம். அவளுடைய அப்பா அம்மா இரண்டு பேருக்கும் அங்கேதான் கல்லறை. எங்கள் சின்னவனுக்கும் அங்கேதான். மூன்று வயதில், தாய்வீட்டுக்குப் போயிருந்த சமயத்தில், ஜுரம் வந்து போய்விட்டான்.

ஒவ்வொரு வருஷமும் போவோம். புல்லைச் செதுக்குவோம், பூ வைப்போம், மெழுகுவர்த்தி ஏற்றுவோம். இந்த வருஷம் அவளுக்கு மாதம் நிறைந்திருக்கிறது. நடக்க முடியாது.

"நீங்க போயிட்டு வாங்க. பெரிசு ரெண்டும் அப்பா அம்மாவுக்கு. சின்னது அவனுக்கு. மாத்தி வச்சுடாதீங்க" என்று மூன்று மெழுகுவர்த்தியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள்.

புறப்பட்டது மூன்று பேர். நான், என் மகள் தெரேஸ், என் வீட்டுக்காரியின் அண்ணன் சவரிராசு. தெரேஸ் கன்னியர் பள்ளியில் படிக்கிறாள். உங்கள் வயதுதான். 'ஏன்' என்று கேட்காமல் ஒரு வாய் சோறு இறங்காது. மச்சான் சவரிராசு மில்லில் வேலை பார்க்கிறவன், ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலில் பாடுகிறவன். அவன் பாட ஆரம்பித்தால் மணி அடிக்கிறவர் கயிற்றை விட்டுவிடுவார்.

பாதி வழியில் வண்டிக்காரர் மாட்டை நிறுத்திவிட்டார். மழை வெள்ளத்தில் சாலை அறுந்து கிடந்தது.

"இதுக்கு மேல மாடு போவாது. நீங்க போவணும்னா மேட்டு வழிதான்" என்றார்.

"அது கடலைப் பார்த்த வழியாச்சே. மழையில ஊறியிருக்குமே" என்றேன்.

"இன்னா மச்சான், பெத்தவங்க காத்திருப்பாங்க. நான் முன்னால போறேன், நான் விழுந்தா நீ நின்னுக்க" என்று மச்சான் இறங்கி நடந்தான்.

செம்மேட்டை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ரத்தச் சிவப்பாக மண். கடல் பக்கம் கத்தியால் அறுத்த மாதிரி செங்குத்தாக நிற்கும். மறு பக்கம் மழை நீர் தோண்டித் தோண்டிப் போட்ட பள்ளங்கள். நடுவே ஒரு வரப்பு மாதிரி பாதை. இரண்டு பேர் தோளோடு தோள் நடந்தால் ஒருவர் இல்லாமல் போவார்.

பாதையும் ஒரே சீராக இல்லை. மழை கடித்துத் தின்ற இடங்களில் பள்ளத்துக்குள் இறங்கி, வேரைப் பிடித்து மறுபடி ஏற வேண்டும். பனைமரங்கள் பாதி வேர் அந்தரத்தில் தொங்க, கடலை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றன. எங்களுக்குக் கொஞ்சம் முன்னால், பாதையில் ஒரு துண்டு சத்தமே இல்லாமல் காணாமல் போயிற்று. இருந்தது... இல்லை. அப்புறம்தான் கீழே 'தொம்' என்று கேட்டது.

தெரேஸ் என் விரலைப் பிடித்தாள். நானும் அவள் விரலைப் பிடித்துக்கொண்டேன். யாருக்கு யார் தைரியம் என்று கேட்காதீர்கள்.

காற்றே இல்லை. பனி மாதிரி வெள்ளையாக ஏதோ கடலிலிருந்து ஏறி வந்தது. திரும்பிப் பார்த்தால் புதுச்சேரி வெளிச்ச வீட்டின் விளக்கு ஒரு மஞ்சள் கறையாகத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் இல்லை. கடல் எங்களுக்கு வலது கைப் பக்கம். ஆனால் அலைச் சத்தமோ இடது கைப் பக்கத்துப் பள்ளத்திலிருந்து வந்தது.

"ஏம்ப்பா கடல் அந்தப் பக்கம் போயிடுச்சு?"

மச்சான் பள்ளத்தைப் பார்த்து "ஓ" என்றான். பள்ளமும் "ஓ" என்றது.

"எதிரொலிம்மா. மண்ணுல அடிச்சுத் திரும்பி வருது" என்றேன். நான் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்க்கிறவன். செர்த்திபிகா என்கிற பிரெஞ்சுப் பள்ளிப் பரீட்சையோடு என் படிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் இந்த அளவுக்குத் தெரியும்.

அப்போதுதான் அந்த விளக்கைப் பார்த்தோம்.

மேட்டின் விளிம்பில், உடைந்த பானை ஒன்று சாய்த்து வைத்திருந்தது. வாய் கடலைப் பார்த்து இருந்தது. உள்ளே ஓர் அகல். பானைக்கு அண்டையாக நீளவாட்டில் குவித்த செம்மண். அதன் மேல் மடித்து வைத்த ஆண்பிள்ளைத் துண்டு. பக்கத்தில் இலையால் மூடிய சட்டியில் சோறு. சுற்றிலும் ஒருவரும் இல்லை.

கல்லறைத் திருநாள். மண் குவியல். துண்டு. விளக்கு. நீங்களாக இருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்?

மச்சான் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தான். "யாரோ ஏழை. கடல்ல போய்க் கரை ஒதுங்கின ஆத்துமாவா இருக்கும். இங்கயே பொதைச்சிருக்காங்க. சும்மா தாண்டிப் போவக் கூடாது மச்சான்."

"சிலுவை இல்லையே மாமா?" என்றாள் தெரேஸ்.

"ஏழைக்குச் சிலுவை யாரு செய்து தருவாங்க? முட்டி போடு."

"யாருன்னு தெரியாம எப்படி வேண்டிக்கிறது?" என்று அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். நானும் மச்சானும் முட்டி போட்டோம். பேர் தெரியாத இந்த ஆத்துமாவுக்கு நித்திய இளைப்பாற்றி கொடும் என்று அவன் கணீரென்று தொடங்கினான். செபத்தின் பதில் வரியை நான் சொன்னேன்.

எனக்குப் பிறகு இன்னொரு பதில் வந்தது.

பள்ளத்துப் பக்கமிருந்து என்றால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். அது கடல் பக்கமிருந்து வந்தது. சின்னக் குரல். ஒரு சொல் பின்தங்கி, பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டுச் சொல்கிற மாதிரி.

மச்சானுக்கும் கேட்டது. அவன் குரல் இறங்கிவிட்டது. செபத்தைப் பாதியில் விடக் கூடாது என்று முடித்தோம்.

"யாருக்கு ஓதறீங்க?"

இந்தக் குரல் எங்கள் முதுகுக்குப் பின்னால். திரும்பினால் ஒரு பெண். கையில் ஒரு சின்ன எண்ணெய்ப் புட்டி. பள்ளத்து வழியாக ஏறி வந்ததில் மூச்சு வாங்கினாள்.

"இங்க படுத்திருக்கற ஆத்துமாவுக்கும்மா" என்றான் மச்சான்.

"இங்க யாரு படுத்திருக்கறது? அது வெளக்குக்கு அண்டையா நான் குமிச்ச மண்ணு. என் வூட்டுக்காரரு கடல்ல இருக்காரு. உசிரோட இருக்காரு. காத்தால போன மரம் இன்னும் திரும்பல." புட்டியைப் பிடித்த கையாலேயே ஒவ்வொன்றாகக் காட்டினாள். "துண்டு, அவரு வந்தா தொவட்டிக்க. சோறு, அவரு வந்தா துன்ன. நீங்க யாரு, வந்து சாவு ஓதறதுக்கு?"

புட்டி அவள் கையிலிருந்து நழுவியது. உடைந்து, எண்ணெய் முழுவதையும் அந்தச் செம்மண் குடித்துவிட்டது.

கட்டுமரத்தில் போனவருக்கு வைத்த விளக்கு, பிள்ளைகளே. போன மழையில் மேடு சரிந்து, கீழே கரையெல்லாம் பாறை மாதிரி மண் கட்டிகள். இருட்டில் மரம் அதில் மோதினால் மரமும் இல்லை, ஆளும் இல்லை. இந்த விளக்குக்கு நேராக மட்டும்தான் சுத்தமான மணல். வெளிச்ச வீடும் தெரியாத இந்தப் பனியில் அவருக்கு இருந்தது இந்த ஓர் அகல்தான். அதற்கு எண்ணெய் கொண்டுவரத்தான் அவள் குப்பத்துக்குப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து நாங்கள்...

"எடுங்க" என்றாள். "ஓதினத எடுங்க."

எழுத்துக் கோர்த்ததில் பிழை வந்தால் ஊசியால் குத்தி எடுத்துவிடுவேன். ஓதிய செபத்தை எதனால் குத்தி எடுப்பது?

அவள் திடீரென்று குனிந்து, முட்டி போட்டிருந்த மச்சானின் முகத்தைப் பார்த்தாள்.

"பேரு சொன்னீங்களா?"

"தெரியாதேம்மா. பேர் தெரியாத ஆத்துமான்னுதான் சொன்னேன்."

அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அப்ப புடிக்காது" என்றாள், எங்களுக்கு இல்லை, அவளுக்கே. "பேரு சொல்லாம ஓதினா ஆளப் போய்ப் புடிக்காது."

அகல் சுருங்க ஆரம்பித்தது. திரி நுனியில் ஒரு சிவப்புப் புள்ளி. குப்பத்துக்குப் போய் வருவதற்குள் அணைந்துவிடும்.

"அக்கா, எங்ககிட்ட மெழுகுவத்தி இருக்கு" என்றாள் தெரேஸ்.

"செத்தவங்களுக்கு வாங்கினதா?"

நான் தலை குனிந்தேன். தெரேஸ் குனியவில்லை. "வாங்கினது அவங்களுக்குத்தான். இன்னும் குடுக்கலியே. குடுக்கற வரைக்கும் எங்களதுதான்."

அந்தப் பெண் அவளையே பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். "கொண்டா."

மச்சான் செய்த குற்றத்துக்குப் பரிகாரமாக மூன்றையும் சேர்த்து ஏற்றப் போனான். அவன் கையைத் தட்டிவிட்டாள். "ஒண்ணு. அவருக்கு ஒத்த வெளக்குதான் அடையாளம். மூணா எரிஞ்சா வேற ஊருன்னு போயிடுவாரு."

மாமனாரின் மெழுகுவர்த்தி எரிந்து தீர்ந்தது. மாமியாருடையதை அதிலிருந்தே ஏற்றினோம். கீழே அலை வந்து வந்து போயிற்று. வேறு சத்தமே இல்லை.

"யாராச்சும் அவரு பேர் சொல்லிக் கடலைப் பார்த்துக் கூப்பிட்டா என்ன?" என்றேன்.

"புருசன் பேர நானா சொல்லுவேன்? உங்களுக்கும் சொல்ல மாட்டேன். இன்னிக்குச் சொல்லவே மாட்டேன்."

"சரி, நான் பாடறேன்" என்றான் மச்சான்.

"அதுவும் சாவுப் பாட்டா?"

"வேற..."

"கலியாணப் பாட்டு தெரியுமா?"

கல்லறைத் திருநாளில், கடலைப் பார்த்து நின்றுகொண்டு, தொண்டை கிழியக் கலியாணப் பாட்டு பாடின ஆள் புதுச்சேரியிலேயே என் மச்சான் ஒருவன்தான். சிரிக்காதீர்கள். அங்கே யாரும் சிரிக்கவில்லை.

இரண்டாவதும் தீர்ந்துகொண்டிருந்தது. தெரேஸ் காகிதத்தைப் பிரித்தாள். கடைசி. சின்னது. அவள் என்னைப் பார்த்தாள்.

"தம்பி, கொஞ்சம் கடன்" என்று அவளே மெதுவாகச் சொல்லி ஏற்றினாள்.

அது பாதிக்கு வந்திருக்கும். கீழே இருட்டிலிருந்து ஒரு கனத்த குரல் வந்தது.

"எவன்டா அவன், மேட்டுல கலியாணம் பண்றவன்?"

அந்தப் பெண் எழுந்து ஓடினாள். நாங்கள் வேரைப் பிடித்து இறங்கிய பள்ளத்தில் அவள் பகலில் தெருவில் ஓடுகிற மாதிரி இறங்கினாள். அழுகிறாளா, திட்டுகிறாளா என்று மேலிருந்து தெரியவில்லை. இரண்டும்தான் போலிருக்கிறது.

அவர் மேலே ஏறி வந்தார். தண்ணீர் சொட்டச் சொட்ட, கையில் துடுப்பு. துண்டை எடுத்துத் துவட்டினார், சட்டியை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். கட்டுக் கயிறு அறுந்து மரம் பிரிந்துவிட்டதாம். அலைக்கு அந்தப் பக்கம் மிதந்துகொண்டே மறுபடி கட்டினாராம்.

"மேட்டுல ஏதோ ஓதினீங்களே, அதுவும் கேட்டுச்சு. தண்ணி மேல சத்தம் நல்லா வரும்" என்றார் வாயில் சோற்றோடு. "உங்களோட வந்த புள்ள எங்க இருந்துச்சு? நான் கரையப் பார்த்து இருந்தேன், எனக்கு முதுகுப் பக்கமா இல்ல பதில் சொல்லிச்சு?"



"எதிரொலிதான். எங்க பொண்ணு குரல் மேட்டுல அடிச்சுத் திரும்பியிருக்கும்" என்றேன் நான்.

"கடல் பக்கம் மேடு ஏது மச்சான்?" என்றான் சவரிராசு.

"நான் சொல்லவே இல்லியேப்பா. வாயை மூடிக்கிட்டுதானே நின்னேன்" என்றாள் தெரேஸ்.

அவர் கை சட்டியில் நின்றது. அந்தப் பெண் அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். "பேசாம துன்னு."

அன்று ராத்திரி குப்பத்தில் அவர்கள் வீட்டிலேயே படுத்தோம். விடிந்ததும் அவரே எங்களைப் பள்ளத்து வழியாகக் கல்லறைத் தோட்டம் வரை கொண்டுபோய் விட்டார். புல் செதுக்கினோம், பூ வைத்தோம். மெழுகுவர்த்தி இல்லை. சின்னவன் கல்லறையில் தெரேஸ் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். கடனைப் பற்றிப் பேசியிருப்பாள்.

பிள்ளைகளே, செத்தவர்களுக்காக வேண்டிக்கொள்வது நல்ல காரியம். கட்டாயம் செய்யுங்கள். ஆனால் முட்டி போடுவதற்கு முன்னால், யாருக்கு இந்த விளக்கு என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தெரேஸ் கேட்டாள். பெரியவர்கள் நாங்கள் கேட்கவில்லை.

அந்தச் சின்னக் குரல்? தெரியாது. தெரிந்த மாதிரி உங்களிடம் எழுத எனக்கு மனம் இல்லை.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். சின்ன மெழுகுவர்த்தியைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"அவன் இருக்கற இடத்துல இருட்டே இல்லன்னுதானே பூசையில சொல்றாங்க" என்றாள். "இருட்டுல இருந்தவருக்குத்தானே போச்சு, போவட்டும். ஆமா, அந்த மனுஷன் பேரு என்ன?"

எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும், செத்தவர்களுக்காக வேண்டிக்கொள்கிற இந்த நவம்பர் மாசம் முடிகிற வரைக்கும் சொல்லமாட்டேன்.